பெரியவர் ஏறும் வரை

றீட்டா அத்தை மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே மலைக்கு ஏறி ஒரு பிடி அள்ளி வந்திருந்தாள். கிருஷாந்தியின் அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மலை அது. எவர்சில்வர் தம்ளரில் போட்டு, ஆறிய சுடுதண்ணீர் ஊற்றி, கரண்டியால் கலக்கித் தெளியவைத்தாள். மேலே நின்ற தண்ணீரை மட்டும் தேக்கரண்டியில் எடுத்து அப்பாவின் உதட்டோரம் விட்டாள்.

"அண்ணே, ஒங்க மலத் தண்ணி. குடிச்சிட்டு நிம்மதியா போங்க."

தண்ணீர் உள்ளே போகவில்லை. தாடை வழியாக இறங்கித் தலையணையை நனைத்தது. கிருஷாந்தி துணியால் துடைத்தாள். அப்பா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூட்டின் எலும்புகள் மேலே வந்து போயின.

இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்தியர்கள் சொல்லி அனுப்பிய பிறகு, அப்பா லூக்காஸ் இரண்டு நாள் தாங்கமாட்டார் என்றுதான் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் நினைத்தார்கள். ஃபாதர் வந்து எண்ணெய் பூசி, நோயிற்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு பூசை முடிந்து அடுத்த ஞாயிறும் போய்விட்டது. அப்பா அப்படியே கிடந்தார்.

இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு ஏதோ ஓர் ஆசை பாக்கியிருக்கும், அதைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டால் உயிர் பிரியும் என்பது அங்கே கேள்வியே இல்லாத விஷயம். அத்தை பால் ஊற்றிப் பார்த்தாள். தன் கலியாண மோதிரத்தை உரசித் தண்ணீர் கொடுத்தாள். அப்பாவின் சிநேகிதர், தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் றொனி மாமா, சட்டைப் பைக்குள் சாராயக் கால் போத்தல் ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து, மூடியில் நாலு சொட்டு ஊற்றி நாக்கில் வைத்தார்.

"இதுக்கும் மூஞ்ச சுளிக்கலேன்னா மச்சான் நெசமாவே போறாருதான்," என்றார்.

"ஒங்களுக்கு வெக்கமே இல்லயா? பூசின எண்ணெ இன்னும் காயல."

"இருந்து கெடந்து நாலு சொட்டு. ஏசுவே கலியாண வீட்டுல தண்ணிய மாத்திக் குடுத்தவருதானே."

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். தம்ளரின் அடியில் மண் படிந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"வெடியக்காலயில அண்ணே ஒன்னய பாத்து என்னமோ கேட்டுச்சே, புள்ள. என்னா கேட்டுச்சு?"

கிருஷாந்தி ஈரத் துணியைப் பிழிந்தாள்.

"போயிருச்சான்னு கேட்டாரு," என்றார் றொனி மாமா. "நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். ரொக்கெட்டத்தான். வேற என்னாத்த கேப்பாரு?"



பல்கலைக்கழகத்தில் கிருஷாந்தியும் கூட வேலை செய்பவர்களும் மூன்று வருடமாகச் செய்த பெட்டி, ஓர் இறாத்தல் பாண் ரொட்டி அளவுதான் இருக்கும். மலைச்சரிவுகளில் ஆழமாகக் கம்பிகளை நட்டிருந்தார்கள். மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதை அவை மெலிந்த வானொலி அலைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும். கைபேசிக் கோபுரம் எட்டாத இடங்களில் அதைக் கேட்க ஆளில்லை. பூமியைச் சுற்றிக் கடந்துபோகும்போது மேலிருந்து கேட்பதற்காகத்தான் அந்தப் பெட்டி. அதைத் தனியாக அனுப்ப யாரிடமும் வசதி இல்லை. வெளிநாட்டில் ஒரு ரொக்கெட் விண்ணில் சுற்றும் பெரிய செய்மதி ஒன்றைக் கொண்டுபோகிறது, அதில் கொஞ்சம் பாரம் ஏற்ற இடம் மிச்சமிருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சும்மா தருகிறார்கள் என்று தெரியவந்தபோது விண்ணப்பித்தார்கள். கிடைத்தது.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க அவள் சிரமப்படவில்லை. அவரே சொன்னார்.

"நம்ம றொனி லொறி மாதிரி. கொழுந்து சாக்க ஏத்தின பொறவு எடமிருந்தா ஒரு மூட்ட அரிசியும் ஏறும், கேஸ் சிலிண்டரும் ஏறும். சும்மாதான். ஆனா எப்ப போவும்னு கேக்கக்கூடாது. கொழுந்து ஏறலேன்னா லொறி அசயாது."

"அதேதான்பா."

"அப்ப அந்தப் பெரிய செய்மதிதான் கொழுந்து."

அன்றிலிருந்து அவர் அதைப் பெரியவர் என்றே சொன்னார். பெரியவர் இன்னும் வரவில்லை, பெரியவருக்கு உடம்பு சரியில்லை, பெரியவர் ஏறினால்தான் நம்ம பெட்டி ஏறும். தொழிற்சாலையிலும் கோயில் வாசலிலும் லுணுகலைச் சந்தையிலும் இதையே சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரைக் கண்டால், "என்னா லூக்காஸ், பெரியவரு எப்படி?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

எதற்காக இந்தப் பெட்டி என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. மழை விடாது பெய்த அந்த ஐப்பசியில், கிருஷாந்தியின் அம்மா மீரியபெத்தையில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போனாள். காலையில் மலை சரிந்து இறங்கியது. அதற்குப் பிறகு பல நாள் தோண்டினார்கள். சிலரை எடுத்தார்கள். அம்மாவை மண் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்பா அங்கே போய் நிற்பார், எந்தப் பக்கம் பார்த்து மெழுகுதிரி வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். கிருஷாந்தி பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப் போகிறாள் என்று அவர் கேட்டபோது மண் என்றாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"போயிருச்சுன்னு சொல்லேன் புள்ள," என்றாள் அத்தை.

"போகலயே அத்த."

"போகலேன்னா என்னா? அது எந்த நாட்டுலயோ நிக்கிது. இவரு இங்க கெடக்காரு. ஒரு வார்த்த சொன்னா ஒனக்கு என்னா கொறஞ்சிரும்?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாறப்ப, 'சொகமாயிரும்பா, பயப்புடாதீங்க'ன்னு சொன்னியே. அது என்னா, வேதத்துல எழுதியிருந்துச்சா?"

றொனி மாமா லொறியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே இறங்கிவிட்டார்.

கிருஷாந்தி எழுந்து வாசலுக்கு வந்தாள். தண்ணீர்த் தாங்கிக்கு மேலே பாதை வளைகிற இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஏறிப் போய் நின்றதும் கைபேசி சிணுங்கியது. கூட வேலை செய்யும் ஜிப்னாவின் குரல் பதிவு.

"கிருஷாந்தி, வாப்பா எப்படி இருக்காரு? திரும்பவும் தள்ளிப்போட்டுட்டாங்க. பெரிய செய்மதியில என்னவோ அடைப்பாம். எப்பன்னு சொல்லலியாம். நம்மள யாரு கேக்கப்போறா? நீங்க மனச விட்டுராதீங்க."

அவள் மனம் விடவில்லை. ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டார்கள் என்று கேட்கும்போது அவளுடைய கால்களுக்குப் பலம் வந்தது. முதல் தடவை அதைக் கவனித்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று வருட உழைப்பு ஒரு கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது, மற்றவர்கள் அழாத குறை. அவள் மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. அவள் ஓடவில்லை.

வீட்டுக்குள் வந்தபோது அத்தை தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மூச்சில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்திருந்தது, நனைந்த சாக்கை இழுப்பதுபோல.

"என்னாவாம்?"

"தள்ளிப்போட்டுட்டாங்க."

அத்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத்தான் ஆச பாக்கியிருக்குன்னு நெனச்சு மலைக்கும் கடைக்கும் ஓடினேன்," என்றாள் மெதுவாக. "பாக்கி ஒங்கிட்டத்தான் இருக்கு புள்ள."

செபமாலையை எடுத்து விரலில் சுற்றினாள், உருட்டவில்லை.

கிருஷாந்தி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த உள்ளங்கை படுக்கையில் கிடந்த மாதங்களில் மெத்தென்று ஆகியிருந்தது. அது அப்பாவின் கை போலவே இல்லை. ஒரு மூச்சு வந்து, அடுத்தது வரத் தாமதித்தது. அவருடைய கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து, காற்றைத் தேடியது. அப்புறம்தான் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடியும் அப்படியே ஆனது. மறுபடியும் பார்த்தாள்.

"அப்பா."

இமை அசைந்தது.

"அப்பா, போயிருச்சுப்பா."

கண் பாதி திறந்தது. உதடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது.

"பெரியவரு… ஏறிட்டாரா?"

"ஏறிட்டாருப்பா. அவரு ஏறித்தான் எல்லாம் கெளம்புச்சு."

"நம்ம பொட்டி?"

"அதுவும்தான். ஓரமா எடம் குடுத்தாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுதா?"

மேலே போய்ச் சேர்ந்தாலும் பெட்டி பேசத் தொடங்கப் பல நாளாகும் என்று அவளே அவருக்குச் சொல்லியிருந்தாள். அது அவருக்கு நினைவில்லை போலும். அவள் இதற்கு ஆயத்தமாக வரவில்லை.

"பேசுதுப்பா."

"என்னா சொல்லுது?"

"மண்ணு காஞ்சிருக்காம்பா. நல்லா எறுகிக் கெடக்காம். ஒன்னும் பயமில்லையாம்."

கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சே சரியாகக் கேட்காத அளவுக்குக் கொட்டியது. கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் வாசலில் விழுந்து தெறித்தது. அப்பாவின் கண் தகரத்தை நோக்கிப் போயிற்று.

"மழ பேயிதே."

"இங்கதாம்பா. அம்மா இருக்க பக்கம் மழ இல்ல."

அத்தை சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா கிருஷாந்தியைப் பார்த்தார். கண் அவளுடைய முகத்தில் நின்று, நெற்றிக்கு ஏறி, தலையில் நின்றது. சொட்டுச் சொட்டாக அவளுடைய முடியிலிருந்து கட்டில் சட்டத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"தல நனஞ்சிருக்கு," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "போயி… தொடச்சிக்க."

"சரிப்பா."

"போ."

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். அடுப்புக்கு மேலே கொடியில் துவாய் புகை மணத்தோடு தொங்கியது. இழுத்துத் தலையில் போட்டு, சின்ன வயதில் அப்பா துடைத்துவிட்டதுபோல அழுத்தித் துடைத்தாள். துவாய்க்குள் மழைச் சத்தம் தூரமாகக் கேட்டது. எடுத்தபோது, முன்னறையில் அத்தை, 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கியிருந்தாள். செபம் சொல்லும் குரல்தான், ஆனால் உரத்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ மழைக்குள் இறங்கி ஓடி வந்தார்கள்.

கிருஷாந்தி துவாயை மடித்துத் திரும்பக் கொடியில் போட்டாள். ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள். பிறகுதான் முன்னறைக்குப் போனாள்.

மறுநாள் பின்னேரம் அடக்கம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறி நின்றது. ஆண்கள் வாளியால் இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஊறியது. ஃபாதர் பிரசங்கத்தில், இந்தத் தோட்டத்தின் மகள் செய்த கருவி நேற்று விண்ணுக்குப் போனதையும், அதைக் கேட்ட பிறகே இந்தத் தந்தை கண்மூடியதையும் சொன்னார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. குடைகளுக்குக் கீழே தலைகள் அசைந்தன. லுணுகலையிலிருந்து வந்திருந்த கடைக்காரர் ஸஹாப்தீன் நானா ஒதுங்கி நின்று, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது றொனி மாமா அவளோடு சேர்ந்து நடந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"நெசமாவே போயிருச்சா புள்ள?"

"இல்ல மாமா."

அவர் நிற்கவில்லை. நாலைந்து எட்டு நடந்த பிறகு கேட்டார்.

"கொழுந்து ஏறலயா?"

"ஏறல."

"அது அப்படித்தான். நாம அவசரப்பட்டா வேலைக்காவாது." குரல் கொஞ்சம் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டார். "யாருட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. மச்சானுக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கட்டும்."

லயத்து வாசலில், கல்லறைக்குப் போய் வந்தவர்கள் கால் கழுவ அண்டாவில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். அத்தை ஒவ்வொருவருக்கும் மொண்டு ஊற்றினாள். கிருஷாந்தியின் முறை வந்தபோது அவளே குனிந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைத் தேய்த்துவிட்டாள்.

மழை நின்றிருந்தது. காற்று மேகத்தைக் கலைத்து, நமுனுகுல மலை உச்சிக்கு மேலே வானம் கொஞ்சம் தெரிந்தது. பொழுது மங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்களுக்கு உடனே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

"இந்நேரம் எங்கிட்டு போய்க்கிட்டு இருக்கும்?" என்று லயத்துக் கடைசியான தொங்கல் வீட்டு சுஜீவா அக்கா கேட்டாள். "நம்ம கண்ணுக்கு தெரியுமா புள்ள?"

கிருஷாந்தி வாயைத் திறந்தாள்.

மலைக்கு மேலே ஒரு வெளிச்சப் புள்ளி, மின்னாமல், சத்தமில்லாமல், நேராக நகர்ந்து வந்தது. யாருடைய செய்மதியோ.

"அந்தா," என்றாள் றீட்டா அத்தை, செம்போடு கையைத் தூக்கி. "அந்தா போவுது எங்க பொட்டி."

வாசல் முழுக்க முகங்கள் அண்ணாந்தன. றொனி மாமா தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அத்தை கையை இறக்கவில்லை. அந்தப் புள்ளி போகும் பக்கமெல்லாம் கை போயிற்று.

கிருஷாந்தி ஈரக் காலோடு சிமெந்துத் தரையில் நின்றாள். பிறகு அவளும் நிமிர்ந்து, அத்தை காட்டிய திசையில் பார்த்தாள்.