தெரிந்தவள் தெரியாதவளை அறைய வேண்டும்

ராய்ச்சூர்ப் பக்கத்து அந்த உயர்நிலைப் பள்ளியில், கை நோகாமல் அடிப்பதற்கு வாத்தியார்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கேள்விக்கு விடை தெரியாதவர் நிற்க வேண்டும். அடுத்து யார் சரியாகச் சொல்கிறாரோ அவர் எழுந்து போய் நிற்பவரின் கன்னத்தில் அறைய வேண்டும். கணக்கு வகுப்பிலும் இதே சட்டம், கன்னட வகுப்பிலும் இதே சட்டம். பாவம் பிள்ளைகளுக்கு, சம்பளம் வாத்தியாருக்கு. என்ன மூளை பாருங்கள்!

பத்தாம் வகுப்பு நீலவ்வாவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. அவள் பக்கத்தில் உட்காரும் மல்லம்மாவுக்குக் கன்னடம் அப்படி. ஆகவே கணக்கில் இவள் அவளை அறைவாள், கன்னடத்தில் அவள் இவளை. உள்ளங்கையைக் குழித்து அடித்தால் சத்தம் பெரிதாகவும் வலி சிறிதாகவும் இருக்கும் என்று இருவரும் பருத்திக்காட்டில் பழகி வைத்திருந்தார்கள். உயிர்த்தோழிகள் வேறென்ன செய்வார்கள்?

போன மாதம் பின்பெஞ்சு துருகப்பா விட்ட அறையில் மல்லம்மாவின் இடது காது சீழ் பிடித்துவிட்டது. நீலவ்வாதான் யாருக்கும் தெரியாமல் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "இன்னொரு அடி விழுந்தா இந்தக் காது அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டர். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று மல்லம்மா வாயே திறக்கவில்லை.

அன்று மூன்றாவது பீரியட் கணக்கு. ஹனுமேஷ் சார் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, "மல்லம்மா, மூலம் என்ன?" என்றார். அவள் எழுந்து பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மூணும் மைனஸ் அஞ்சும் சார்!"

சொன்ன பிறகுதான் நீலவ்வாவுக்கு உறைத்தது. கணக்கைக் கண்டால் பொறுக்காத வாய், சனியன் பிடித்த வாய்!

"ம், போ. கொடு."

நீலவ்வா இடது கையால் மல்லம்மாவின் வலது கன்னத்தைத் தட்டினாள்.

"ஏய், அது கழுவுற கை! சோறு தின்கிற கையால அடிடி."

"சார், அவளுக்கு இடது காது சரியில்ல சார்."

"பாடம் கேக்காத காது இருந்தா என்ன, போனா என்ன?" வகுப்பே சிரித்தது. "உனக்கு அடிக்கத் தெரியாதா? நான் சொல்லித் தரேன், வா."

முதல் அறையில் நீலவ்வாவின் ரிப்பன் அவிழ்ந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் பெஞ்சின் மூலையில் போய் மோதினாள். "இப்ப அடிப்பியா?" என்றார் சார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். நான்காவது விழுந்தது.

"அடிச்சுடுடி, நான் தாங்கிக்கறேன்" என்று மல்லம்மா அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டதும் நீலவ்வாவுக்கு என்ன வந்ததோ, அவள் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நூறு தடவை சொல்லிக் கொடுத்தேனே, ஒரு சூத்திரம் மண்டையில் ஏறவில்லையா இந்த மூதேவிக்கு? கையைக் குழிக்கவில்லை. முழுப்பலத்தோடு வீசினாள். மல்லம்மா பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்தாள். காதிலிருந்து ரத்தமும் நீருமாக வழிந்து கழுத்தில் இறங்கியது.

"இது அடி" என்றார் சார். மணி அடித்தது.

நான்காவது பீரியட் கன்னடம். விருபண்ணா சார் வந்து, செய்யுளின் இரண்டு அடிகளைச் சொல்லி, "மல்லம்மா, மூணாவது அடி?" என்றார். மல்லம்மா காதைப் பொத்தியபடி குனிந்தே உட்கார்ந்திருந்தாள். சார் மறுபடி கேட்டார். நீலவ்வா இடித்ததும் எழுந்து, "என்ன சார்?" என்றாள். மூன்றாம் முறையும் கேட்டார். "என்ன சார்?"

"கன்னடத்துல முதல் மார்க்கு வாங்கறவளுக்கே திமிரா? யாருடா சொல்றீங்க?"

பின்னால் துருகப்பா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். மல்லம்மாவே நீலவ்வாவுக்குப் பருத்திக்காட்டில் சொல்லிக் கொடுத்த அடிதான் அது. நீலவ்வா அவனை முந்திக்கொண்டு கத்திச் சொன்னாள்.

"சபாஷ். கொடு அவளுக்கு."

நீலவ்வா எழுந்தாள். மல்லம்மாவைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள். வராந்தாவில் ஓடி, ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹனுமேஷ் சார் திரும்புவதற்குள் அவர் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தாள். கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் உடைந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டதும் இன்னொன்று கொடுத்தாள். பிடித்து இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

மறுநாளே நீலவ்வாவுக்கு டி.சி. கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். அவள் அப்பா ஊர் பார்க்க அவளைச் செருப்பால் அடித்தார். அதெல்லாம் அவளுக்கு வலிக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பருத்திக்காட்டு வரப்பில் மல்லம்மாவைப் பார்த்தாள். அவளையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். காதில் பஞ்சு. நீலவ்வா வலது பக்கமாகப் போய் நின்று, "அவனைச் செவிடாக்கிட்டேன்டி" என்றாள்.

"சொன்னாங்க" என்றாள் மல்லம்மா. மடியில் பருத்தியைத் திணித்துக்கொண்டே கேட்டாள்: "அவனை அடிக்க உனக்குக் கை வரும்னா, என்னை அடிக்கறதுக்கு முன்னாடியே அடிச்சிருக்கலாம்ல?"

நீலவ்வா வகுப்பில் நிற்பது போல அந்த வரப்பில் நின்றாள்.