வெயில் படாத கோழி

பென்னலூரில் கோழி என்றாலே முகம் சுளிக்கிற ஒரே ஆள் இந்திராணி. மீனோ முட்டையோ வாசற்படி தாண்டாத குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளின் கோழிகள் வேலி இடுக்கில் நுழைந்து துளசிச் செடியைக் கிளறினால் சொம்புத் தண்ணீரோடு ஓடி வருவாள். 1978 தை மாதம் அப்படி ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றிப்போனது.

"இனிமே உன் கோழி என் வூட்டுப் பக்கம் வரட்டும், அப்புறம் இருக்கு!" என்றாள் இந்திராணி.

"வந்தா இன்னாடி பண்ணுவே?" என்று பாப்பம்மாள் கேட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அந்த ஆவணியில்தான் இந்திராணியின் வீட்டுக்கே ஒரு கோழிக்குஞ்சு வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவன் அவள் கணவன் வரதராஜன். பஸ் கண்டக்டர். யாரோ ஒருவர் துளை போட்ட அட்டைப்பெட்டிகளில் பண்ணைக் குஞ்சுகளை ஏற்றிப் போய் பூந்தமல்லியில் இறங்கியிருக்கிறார். பஸ் காலியான பிறகு கடைசி சீட்டுக்கு அடியில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"ரோட்ல வுட்டுட்டு வர மனசு வரல. நாளைக்கே யார்கிட்டயாவது குடுத்துடறேன்" என்றான்.

மறுநாள் அவன் மறந்துவிட்டான். இவளும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு வாரத்தில் அதற்கு மல்லி என்று பெயர் வந்தது. பாத்திரம் கழுவினாலும் அரிசி களைந்தாலும் இந்திராணியின் கால் பெருவிரலைக் கொத்திக்கொண்டே கூடவே திரிந்தது. அவள் உட்கார்ந்தால் புடவை மடிப்பில் ஏறித் தூங்கியது. ஆனால் வாசலுக்கு மட்டும் அதை விடவில்லை.

"பாப்பம்மா பார்த்தா என் மானம் கப்பலேறிடும்" என்றாள். அதனால் மல்லிக்கு உள் அறையும் சமையல்கட்டும்தான் உலகம். சாப்பாடு, காலையில் தயிர்ச்சோறு, சாயங்காலம் நொய்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், பாத்திரச் சத்தம் கேட்டும் மல்லி வரவில்லை. போய்ப் பார்த்தால் கணுக்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தது. எழுப்பி நிறுத்தினாள். இரண்டடி தள்ளாடி, இறக்கையை ஊன்றி மறுபடி உட்கார்ந்துவிட்டது.

"மிதிச்சிட்டியா?" என்றான் வரதராஜன்.

"நான் ஏன் மிதிக்கப் போறேன்? நீங்கதான் கண்ணு தெரியாம நடப்பீங்க!"

சுளுக்காக இருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். விளக்கெண்ணெய் தடவினார்கள். மூன்றாம் நாள் மல்லி சோற்றுக்குக்கூட நகரவில்லை. இந்திராணிக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஒயர் கூடையில் துண்டு விரித்து மல்லியை வைத்து, மேலே இரண்டு வாழை இலையைப் போட்டு மூடிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினாள். வழியில் மல்லி குரல் கொடுத்தபோதெல்லாம் இவள் பலமாக இருமினாள். பக்கத்தில் இருந்த பெரியவர் பரிதாபப்பட்டு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் யாக்கோபு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். மல்லியைத் தூக்கி, தொடையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"உடையல. வீக்கமும் இல்ல" என்றார். பிறகு தன் சுண்டுவிரலை அதன் பாதத்துக்கு அடியில் வைத்தார். மல்லியின் விரல்கள் அதைச் சுற்றிக்கொண்டன.

"பார்த்தியாம்மா, பிடிக்குது. நரம்பு நல்லா இருக்கு. நரம்பு வியாதியா இருந்தா ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால நீட்டிக்கிட்டுக் கிடக்கும். அதுக்கு மருந்தே கிடையாது."

டாக்டர் அடுத்ததாக அலகின் நுனியை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். அது ரப்பர் மாதிரி வளைந்தது.

"இதான் விஷயம். எலும்பு இறுகல. உடம்புல சுண்ணாம்புச் சத்து சேரல, வெயில் பட்டாத்தான் அது சேரும். வெளியில மேயுதா? வெயில் படுதா?"

அவள் கூடையில் கிடந்த வாழை இலையை எடுத்து மடித்தாள்.

"வீட்டுக்குள்ளயேவா வச்சிருக்கே? ஏன்?"

"பக்கத்து வூட்ல பார்த்துடுவாங்க சார்."

டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வெயில்ல விடு. கிளிஞ்சல இடிச்சித் தீனியில கல. வெறும் சோறு போதாது, கம்பு, கீரை, கடலைப் பிண்ணாக்கு எல்லாம் குடு. வழவழப்பான தரையில விடாதே, சாக்கு விரிச்சிப் போடு. இந்த எண்ணெய் தினம் ரெண்டே சொட்டு, பத்து நாளைக்கு. சீக்கிரம் நடக்கணும்னு கூட ஊத்திடாதே."

"இன்னா எண்ணெய் சார்?"

"மீன் எண்ணெய்."

இந்திராணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நாங்க சைவம் சார்."

"நீ சைவம்மா. கோழி?"

பாட்டிலைக் காகிதத்தில் நான்கு சுற்றுச் சுற்றி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கொல்லைக் கொய்யா மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் கொல்லையில் சாக்கு விரித்து மல்லியை உட்கார வைத்தாள். முந்தானையால் மூக்கை மூடி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பாட்டிலைச் சாய்த்தாள். எண்ணெய் மல்லியின் தலையில் விழுந்தது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"யார் வூட்டுக் கோழி அது?"

பாப்பம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இந்திராணிக்குக் காது வரை சிவந்தது. ஏதாவது பொய் சொல்லலாமா என்று பார்த்தாள்.

"எங்க வூட்டுதுதான்க்கா."

பாப்பம்மாள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். சிரிப்பு ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, காலுக்கு இன்னா? இப்டி குந்திக்கினு கீது?" என்றாள்.

இந்திராணி டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். "என்னாலதான்க்கா. உன்கிட்ட மறைக்கணும்னு உள்ளயே அடைச்சி வச்சேன்."

பாப்பம்மாள் வேலியைச் சுற்றி வந்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள். மல்லியை மடியில் இடுக்கி, அலகைத் திறந்து, இரண்டு சொட்டு விட்டாள். "உனக்கு இதெல்லாம் வராது. பாட்டில் என் வூட்லயே இருக்கட்டும். கிளிஞ்சலும் நானே இடிச்சித் தரேன். நீ கீரைய நறுக்கு, போதும்."

அதற்கப்புறம் தினமும் காலையில் இருவரும் கொல்லையில்தான். ஐந்தாம் நாள் மல்லி எழுந்து நின்றது. எட்டாம் நாள் சாக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தது. பத்தாம் நாள் கடைசி இரண்டு சொட்டுக்காக வாயைத் திறக்கப் போன பாப்பம்மாளின் விரலை வெடுக்கென்று கொத்தியது.

"அய்யய்யோ, ரத்தம் வந்துடுச்சிடி!" என்று விரலை உதறினாள் பாப்பம்மாள். உடனே அவள் முகம் மலர்ந்தது. "இந்திராணி, அலகு இறுகிடிச்சி! தொட்டுப் பாரு!"

இடது கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. ஓட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் வரதராஜன் வேலை முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. பாப்பம்மாளின் வைக்கோல் போருக்குக் கீழே இந்திராணி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கையில் கொம்போடு நின்றிருந்தாள். பாப்பம்மாள் கம்பைத் தூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போரின் உச்சியில் மல்லி இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"இன்னாடி நடக்குது இங்க?" என்றான்.

"பறந்து ஏறிட்டுதுங்க. அது கீழ எறங்காம நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

வரதராஜன் மேலே பார்த்தான். டிக்கெட் பையைக் கழற்றிப் பாப்பம்மாளிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை உதறினான். வைக்கோல் போரில் ஏறத் தொடங்கினான்.