காது வைக்காத யானை

சனிக்கிழமை காலையில் டீ போடுவது அவன் வேலை. அன்றும் போட்டான். மகளுக்கு மட்டும் பால். மனைவியின் டீயில் சர்க்கரை கிடையாது. மகள் பல் தேய்த்துவிட்டதாகச் சொன்னாள். அவன் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. திருப்பி அனுப்பினான். மனைவி தரையில் உட்கார்ந்து சாம்பல் நிற ஃபெல்ட் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் கத்தரிக்கோல். வெட்டிய இரண்டு துண்டுகளையும் பஞ்சுப் பொட்டலத்தையும் நூல்கண்டையும் துணிப்பையில் போட்டாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அவன் சரி என்றான். அவள் படியிறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்று பையைத் திறந்து பார்த்தாள். சில மாதங்களாகவே அப்படித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

"இருக்கு, போ" என்றான் அவன் மேலேயிருந்து.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அவன் டம்ளர்களைக் கழுவினான். மகளுக்குத் தலை வாரினான். வகிடு கோணலாகத்தான் வந்தது. மதியத்துக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். அவனுடைய சொந்த அக்கா. அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.

"கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டாடா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்காங்க. பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வா."

அவன் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க ஆட்கள். யாரோ நாற்காலிகள் கொண்டு வந்து போட்டார்கள். யாரோ அவன் கையில் டீயைக் கொடுத்தார்கள். அதில் சர்க்கரை இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியா என்ன சொன்னா? அவனுடைய தொழிற்சாலை ஆட்கள் கேட்டார்கள், கீழ்வீட்டுக்காரர் கேட்டார். போயிட்டு வரேன்னு சொன்னா என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னான். மாமனார் கேட்டபோது அதையும் சொல்லவில்லை. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன்கிட்ட கடைசியா என்னப்பா சொன்னா?"

"அப்புறம் சொல்றேன், மாமா."

அவர் தலையசைத்தார். அவன் மறைக்க நினைக்கவில்லை. அந்த வீட்டில் அன்று எல்லாமே எல்லாருடையதாகவும் ஆகியிருந்தது. அவளுடைய தலையணை, அவளுடைய அலமாரி, அவள் முகம். வாசலில் நின்று அவள் சொன்னது மட்டும்தான் அவனுக்கென்று இருந்தது. அதைக் கூட்டத்தில் இறக்கி வைக்க மனம் வரவில்லை.

"கிளாஸ் பசங்க ஒருத்தரும் வரலையே" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"பொடிசுங்களை எல்லாம் சாவு வீட்டுக்கு யாரு கூட்டிட்டு வருவா" என்றாள் அக்கா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது நாற்காலிகளை எடுத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை அவன் குழந்தைகள் நூலகத்துக்குப் போனான். அதன் மாடியில்தான் சனிக்கிழமைதோறும் அவளுடைய தையல் வகுப்பு. எல்லாம் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். ஃபெல்ட் துணியின் ஓரத்தில் பஞ்சிங் மெஷினால் துளை போட்டுக் கொடுப்பாள். முதலில் ஷூ லேஸைக் கோத்துப் பழக வேண்டும். அது கைவந்த பிறகுதான் மொட்டை ஊசி. அவள் இடதுகைக்காரி. அதனால் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரக் கூடாது, எதிரே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்துத் தைக்க வேண்டும். பீச்சாங்கை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளையின் அம்மா, 'இடதுகை மிஸ்னு மரியாதையா சொல்லு' என்று அதட்டியதையும், அந்தப் பிள்ளை 'மரியாதை பீச்சாங்கை மிஸ்' என்று சொன்னதையும் அவள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியிருக்கிறாள்.

அங்கே ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்று அவன் நினைத்தான். பிள்ளைகளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

நூலகக்காரப் பெண் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இப்பதான் சார் கேள்விப்பட்டேன். எப்படி சார், திடீர்னு?"

"சனிக்கிழமை இங்கதான விழுந்தா?"

அவள் அவனையே பார்த்தாள். கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"இங்கயா? இல்லையே சார். அவங்க கிளாஸை நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே."

அவன் மாடிப்படியைப் பார்த்தான்.

"மாடி ஏற முடியல, மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க. கீழயே எடுங்களேன்னு நான்கூடக் கெஞ்சினேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்."

"கடைசியா என்ன தச்சாங்க? பசங்க."

"மீன்" என்றாள். "மீன்தான் கடைசி."

அவன் திரும்பி நடந்தான். வழியில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் கேட்டார்கள். நின்று பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு நினைவில்லை.

வீட்டு ஜன்னலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அவன் கட்டியதுதான். சனிக்கிழமைகளில் அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கையை நீட்டுவான். "இன்னைக்கு என்ன?" வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய மாதிரியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அவன் அதைத் துணிக் கிளிப்பால் கயிற்றில் மாட்டுவான். இலை, மாம்பழம், வீடு, பூனை, மீன். மீனுக்குப் பிறகு வாத்து, ஆமை, முயல், ஆந்தை.

பாட்டில் தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகர். விளக்குத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் நகர்ந்துபோகும். மயிரிழை விரிசல் இருந்தாலும் நிறுத்திவிடுவான். வருஷக்கணக்காக அதுதான் வேலை.

மீனைக் கயிற்றிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் போகும் தையல். ஒவ்வொரு நூலும் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. அவளுடைய தையல் அப்படித்தான் சாயும், அவள் எழுத்தைப் போலவே. பிள்ளைகளுடையது எல்லாம் வலதுபக்கம் சாயும், நான் மட்டும் எதிர்க்கட்சி என்பாள்.

வாத்தை எடுத்தான். வலதுபக்கம் சாய்ந்திருந்தது.

ஆமையையும் முயலையும் ஆந்தையையும் எடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "வாத்தை ஏன் எடுத்தே?"

"சும்மா."

"அது அத்தை தச்சது." சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து மறுபடி பேச்சு வந்தது. "சொல்லக் கூடாது. அப்பாவுக்கு சர்ப்ரைஸ்னு அம்மா சொன்னா."

பள்ளி விட்டதும் மகள் அத்தையின் கடையில்தான் இருப்பாள். அவன் குனிந்து அவளுடைய கவுனின் இடுப்பு நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"எப்பவும் அத்தைதான் தைப்பாளா?"

"கடையில ஆள் இல்லாதப்ப. ஊசி குத்தினா கெட்ட வார்த்தை சொல்லுவா." பிறகு கேட்டாள்: "சர்ப்ரைஸ் எப்பப்பா முடியும்?"

"நீ போய் தாத்தாகூட உட்காரு."

அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வாத்தை மேடைமேல் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"எப்பலேர்ந்து?"

"வாத்துலேர்ந்து" என்றாள்.

"என்ன வியாதி?"

"இதயத் தசை தளர்ந்துட்டே போகுதுன்னாங்க. சனிக்கிழமைதான் அந்த டாக்டர் வருவார். மருந்து ஏத்துவாங்க. மத்தியானம் வரைக்கும் படுத்திருக்கணும்."

"கையில நீலமா கட்டியிருந்துச்சே. பஸ் கம்பியில இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா."

"வலது கையில நரம்பே கிடைக்காது. இடது கையிலதான் குத்துவாங்க. அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு விரல் மடங்காது. வெட்டி மட்டும் கொடுப்பா. நீதான் வாசல்லயே கைய நீட்டிக்கிட்டு நிப்பியே. வெறுங்கையோட எப்படி வருவா?"

"கிளாஸ்ல விழுந்தான்னு நீதான சொன்னே."

"ஆஸ்பத்திரி வராண்டாவுல விழுந்தா. நான் பக்கத்துலதான் இருந்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த நேரத்துல வேற என்னடா சொல்றது. நாக்குல அதுதான் வந்துச்சு. பழகிப்போச்சு."

அவன் குழாயைத் திறந்தான். ஒன்றுமில்லாத பாத்திரம் ஒன்றைக் கழுவினான்.

"உன்கிட்ட சொன்னா. என்கிட்ட சொல்லல."

"என்கிட்டயும் அவளா சொல்லல. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தா. வேற கடைக்குப் போயிருக்கலாம், மழை. நான் படிச்சுட்டேன்." அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்பது போல மேடையைப் பார்த்தாள். "ஒவ்வொரு வாரமும் சொல்லிடலாம்னுதான் இருப்பேன். 'அடுத்த வாரம் நானே சொல்றேன்பா'ன்னு கையைப் பிடிச்சுக்குவா."

"ஏன்?"

அக்கா கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

"நீ பாட்டிலைப் பாக்குற மாதிரி அவளைப் பாக்க ஆரம்பிச்சுடுவேன்னு சொன்னா. தினமும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு. அது வேணாம், ஒருத்தராவது என்னைச் சாதாரணமா வச்சுக்கட்டும்னா."

பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. சாதாரணமா வச்சுக்கட்டும். படியின் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதெல்லாம் அவன் மேலேயிருந்து போ, போ என்று விரட்டியிருக்கிறான்.

"வாத்து வந்த அன்னைக்கு நீ இங்கதான் இருந்தே" என்றான். "நான் அதைக் கையில வச்சுக்கிட்டு உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"விடுடா."

"சொல்லு."

"'இவ கை மாதிரி உனக்கு வருமாக்கா, உனக்கு ஊசியில நூல்கூடக் கோக்கத் தெரியாதே'ன்னு."

"நீ சிரிச்சே."

"அவளும் சிரிச்சா."

"நானும் சிரிச்சேன்" என்றான்.

அன்று மூன்று பேரும் வெகு நேரம் சிரித்தார்கள். மகள்கூட வந்து சேர்ந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அறையில் வாத்தைப் பார்த்து வாத்து என்று நினைத்துச் சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் கேட்டான்: "யானை எங்க?"

அக்கா நிமிர்ந்தாள். "யானை தைக்கிறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவன் கையை நீட்டினான். அவள் ஆணியில் மாட்டியிருந்த தன் கைப்பையை இறக்கி, அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். சாம்பல் நிற யானை. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பஞ்சு அடைத்து முடித்திருந்தது. தும்பிக்கை ஒரு பக்கம் பருத்தும் இன்னொரு பக்கம் சப்பையாகவும் இருந்தது. கவரின் அடியில் இரண்டு காதுகள் தனியாகக் கிடந்தன. அவள் வெட்டியவை. ஓரம் பிசிறில்லாமல் இருந்தது.

"காலைல காதைக் கொண்டு வந்து கொடுத்தா. டாக்டரைப் பாத்துட்டு வந்து தைக்கலாம்னு வச்சேன்" என்றாள் அக்கா. "என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலைன்னா சொல்லிடு. பாப்பாவுக்கு ஸ்கூல் விட்டா மட்டும் நான்…"

"வெங்காயத்தை நறுக்கு" என்றான்.

வாசலில் செருமும் சத்தம். மாமனார் நின்றிருந்தார். சட்டை மாற்றி, பையைத் தோளில் மாட்டியிருந்தார். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்.

"கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்றார் அக்காவிடம். பிறகு அவன் கையைப் பார்த்தார். "இது என்னப்பா, எலியா?"

"யானை, மாமா. காது வைக்கல."

அவர் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எட்டத்தில் பிடித்தார். மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார். கட்டைவிரலால் ஓரத்தில் தையல்மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். தும்பிக்கை நுனி வரை போய், திரும்பி வந்தார்.

"என் பொண்ணு தச்சதா?"

அக்கா தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். அவன் குழாயை மூடினான்.

"ஆமா, மாமா."

"சின்ன வயசுல ஊசின்னாலே ஓடுவா. டாக்டர் வீட்டுத் தெருவுக்கே வரமாட்டா. பஸ்ஸுல உக்கார வச்சு ஏமாத்திக் கூட்டிட்டுப் போவேன்." அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "நான் வச்சுக்கட்டுமா இதை?"

"வச்சுக்குங்க."

யானையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முழுதாக உள்ளே போகவில்லை. தும்பிக்கை வெளியே நின்றது. அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"நேத்து கேட்டேன். அப்புறம் சொல்றேன்னே."

அக்கா திரும்பிக்கொண்டு வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். கவரிலிருந்த இரண்டு காதுகளையும் அவன் எடுத்து மேடைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். சரியாகப் பொருந்தின.

"வாசல்ல நின்னு சொன்னா, மாமா. 'இன்னைக்கு யானைக்குக் காது வைக்கணும், கொஞ்சம் லேட்டாகும்'னு."