நூடுல்ஸ் சோற்றில் சேராது

டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கி, ஏற்றுமதியை நம்பியிருந்த திருப்பூரில் ஆளாளுக்குத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த வருஷத்தில்தான் இரண்டு குடும்பங்கள், கல்யாணப் பேச்சை வீட்டில் வைத்துப் பேச வழியில்லாமல், ஒரு சைனீஸ் கடைக்குப் போயின.

வழியில்லாததற்குக் காரணம் சோறு. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் மட்டும் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். யாழினியின் அப்பா சிவசுப்பிரமணியத்துக்கு இதில் ஒரு பழைய காயம் இருந்தது. முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு, "இன்னொரு நாளைக்குச் சாப்பிட்டுக்கலாமுங்க" என்று சொல்லிச் செருப்பைத் தேடினார்கள். விரித்த இலைகளைச் சுருட்டிய கையோடு அவர் முடிவெடுத்தார்: பேச்சு முடியாமல் இனி எந்த மாப்பிள்ளை வீட்டாரும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த தன் வாசல்படியை மிதிக்கக் கூடாது.

மாப்பிள்ளை கந்தவேலின் அப்பா திருமூர்த்திக்கும் ஒரு காயம். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பசி பொறுக்காமல் சாப்பிட்டுவிட்டார். மறுநாள் ஜாதகம் இடித்தது. பெண் வீட்டார் வேன் பிடித்து வீரபாண்டியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து, அவர் தின்றதையெல்லாம் சாம்பாரிலிருந்து பாயசம் வரை தெருவே கேட்கச் சொல்லிக் காட்டினார்கள். அன்றிலிருந்து, பேச்சு முடியாமல் எந்தப் பெண் வீட்டிலும் கால் வைப்பதில்லை என்று இருந்தார்.

ஒருவர் விடமாட்டார், இன்னொருவர் வரமாட்டார். ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு பேருக்குள் இப்படியொரு ஒற்றுமை அமைவது அபூர்வம்.

நடுவில் நின்ற தரகர் அழகுமலை முதலில் கோயிலைச் சொல்லிப் பார்த்தார். "கோயில்ல பேசுனா சாமி சாட்சியாயிருமுங்க, அப்பறம் மாத்த முடியாது" என்று இரண்டு பக்கமும் மறுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அவருக்கு அவிநாசி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த 'நியூ டிராகன்' ஞாபகத்துக்கு வந்தது.

"சீனாக்காரன் சாப்பாட்டுக்கு நம்ம சாங்கியம் சடங்கு எதும் சேராதுங்க" என்றார். "நூடுல்ஸு சோத்துல சேராது. கோபி மஞ்சூரியன் பலகாரக் கணக்கு. பேச்சு முடிஞ்சா சந்தோசம், முடியலீன்னா வாயைத் தொடச்சுட்டு எந்திரிச்சுக்கலாம்."

ஜாதகத்தை வீரபாண்டிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டது யாழினிதான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி எங்கே, எப்போது வரும் என்று நாள் முழுக்கப் போனில் கேட்பது அவள் வேலை. 'வண்டி ஏறியாச்சுங்க' என்பதுதான் ஊர் முழுக்கக் கிடைக்கும் பதில். அப்படிச் சொல்லும்போது துணிக்குச் சாயம்கூட ஏறியிருக்காது. வீரபாண்டியில், சாயம் போட்ட துணியைச் சுருங்காதபடி அழுத்தித் தரும் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் மட்டும் ஒரு குரல், "நாளைக்கு வராதுங்க. துணி இன்னும் ஈரமாத்தான் கெடக்குது. புதன்கிழமை கேளுங்க" என்று சொன்னது. புதன்கிழமை துணி வந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. அந்தக் குரலுக்காகத்தான் அவள் கந்தவேலைக் கேட்டாள். கந்தவேல் இறந்து இத்தனை காலத்துக்குப் பிறகும், நல்ல சேதியோ கெட்ட சேதியோ, மனசுக்குள் அந்தக் குரலில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு உண்மை என்று படுகிறது.

அவர்கள் நியூ டிராகனுக்குப் போனது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அப்பா போனில் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாழினி அந்த வீட்டு மருமகள். "இன்னிக்கு இது முடியலீன்னா நாளைக்கு அதுதான் கண்ணு" என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டார்.

கடைச் சுவரில் பேனர் எழுதுகிறவர் ஒருவர் வரைந்த டிராகன் இருந்தது. அதற்கு முறுக்கிய மீசையும் வைத்திருந்தார். ஒரு பக்கம் சிவசுப்பிரமணியம், அவருடைய அக்கா ரங்காத்தாள், யாழினி. எதிரே திருமூர்த்தி, கந்தவேல். மேசையின் தலைப்பக்கம் அழகுமலை. முடியாத பேச்சுக்கு எல்லாரும் எதற்கு என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் வரவில்லை.

"ஃப்ரைட் ரைஸ் சொல்லட்டுங்களா?" என்று அழகுமலை வாய்தவறிக் கேட்டார்.

"அது அரிசி" என்றார் திருமூர்த்தி.

"அரிசியேதானுங்க" என்றார் சிவசுப்பிரமணியம்.

அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அரிசி இல்லாத எல்லாம் வந்தன. சிவசுப்பிரமணியம் ஒரு நூடுல்ஸை முள்கரண்டியில் தூக்கி, விரலால் உருட்டிப் பார்த்தார். "நாப்பதாம் நம்பர் நூல் இருக்குமா? ஒரே சீரா இல்லீங்களே."

திருமூர்த்தி கோபி மஞ்சூரியனை வெளிச்சத்தில் திருப்பினார். "கலர் தூக்கல். கையில ஒட்டுது பாருங்க. நம்ம பக்கம் இதை டெலிவரி பண்ணுனா ரிட்டர்ன் வந்துரும்."

"ரெண்டு பேரும் சாப்பிட வந்தீங்களா, செக்கிங் பண்ண வந்தீங்களா?" என்றாள் ரங்காத்தாள். அவள் சூப்பை டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. நூல் விலை பேசினார்கள். கரண்ட் கட் பேசினார்கள். டாலரை இருவரும் சேர்ந்து திட்டினார்கள். சொந்தத்தில் யார் யாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டார்கள். கல்யாணத்தை மட்டும் தொடவில்லை. ஆர்டர் விலையை முதலில் சொல்கிறவன் நஷ்டப்படுவான் என்று பழகிய ஊர். 'முடித்துக்கொள்ளலாம்' என்பதையும் முதலில் சொல்கிறவன் நஷ்டப்படுவான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அழகுமலை மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார். மூன்று தடவையும் திருமூர்த்தி அவரிடம் தண்ணீரை நகர்த்தினார்.

கந்தவேல் தட்டைப் பார்த்தபடி இருந்தான். ஒரு தடவை, "அப்பா, வந்த விசயம்..." என்று ஆரம்பித்தான்.

"பெரியவங்க பேசிட்டிருக்கறோமல்ல" என்று அவர் மறுபடி டாலருக்குப் போனார்.

தட்டுகள் காலியாகிவிட்டன. சிவசுப்பிரமணியம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அப்பறம் கிளம்பலாமுங்களா?" என்றார்.

திருமூர்த்தி எழப் பார்த்தார், எழவில்லை. நெஞ்சைத் தடவினார். ஷெஸ்வான் நூடுல்ஸ் உள்ளே போய் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. நெற்றி வியர்த்து, காது சிவந்திருந்தது. "என்னத்தையோ தின்னோமே தவிர சாப்பிட்ட மாதிரியே இல்ல. கடைசியா ஒரு வாய் தயிர் இல்லாம எந்திரிச்சா வயிறு கேக்குமா?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

யாழினி எழுந்து நேரே அடுப்படிக் கதவுக்குப் போனாள்.

சீனச் சமையல் செய்கிறவர் சங்கரன்கோவில் பக்கத்து இசக்கிமுத்து. ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு வடித்து வைத்திருந்தார்.

"அண்ணா, தயிர்சோறு கிடைக்குங்களா?"

"சைனீஸ் கடையில வந்து தயிர்சோறு கேக்கியளே, தாயி! இது எங்களுக்கு வடிச்சதுல்லா."

"எனக்கு இன்னிக்கு ரொம்ப வேணுமுங்கண்ணா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கதவிடுக்கு வழியாக மேசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, தயிரை ஊற்றிக் கொடுத்தார்.

அவள் அதைக் கொண்டுவந்து திருமூர்த்தியின் முன் வைத்தாள். "மாமா, தயிர்சோறுங்க."

அவர் முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையை விட்டார். பிசைந்தார். முதல் வாய் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது. சிவசுப்பிரமணியத்தின் வாய் திறந்தே இருந்தது. அழகுமலை சட்டைப்பையிலிருந்த பஞ்சாங்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

ரங்காத்தாள்தான் கேட்டாள். "சம்பந்தி, இன்னுங் கொஞ்சம் தயிர் ஊத்தச் சொல்லட்டுங்களா?"

நான்காவது வாய் பாதி வழியில் நின்றது. திருமூர்த்தி தன் கையைப் பார்த்தார். யாரோ வேறொருவர் கையைக் கொண்டுவந்து தன் தோளில் மாட்டிவிட்டதுபோல.

"இது கடைச் சோறுங்க" என்றார். "பொண்ணு ஊட்டுச் சோறு இல்ல."

"பரிமாறுனது கடைக்காரருங்களா?" என்றாள் ரங்காத்தாள்.

"நான் தெரியாம, ஏதோ வயித்து எரிச்சல்ல..."

"எனக்குத் தெரியுமுங்க மாமா" என்றாள் யாழினி. "தெரிஞ்சுதான் போட்டேன். வேண்டாம்னா இப்பவே தட்டை எடுத்துர்றேன். யாரும் எதும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஏமாத்திப் போட்டேன்னு மட்டும் நெனைக்காதீங்க. சம்மதம்னு சொல்ல எனக்கு வேற வழி தெரியலீங்க."

சிவசுப்பிரமணியம் "யாழினி!" என்று அதட்டினார். அதட்டலில் பாதிதான் வெளியே வந்தது. மகள் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

திருமூர்த்தி மகனைப் பார்த்தார். "உனக்கு என்னடா?"

"எனக்கும் சம்மதமுங்கப்பா" என்றான் கந்தவேல். "வந்து உக்காந்தப்பவே சொல்லப் பாத்தேன். நீங்க டாலரை விட்டு எறங்கவே இல்ல."

அழகுமலைக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. பக்கத்து மேசையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த கம்பெனிப் பையன்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திருமூர்த்தி தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீரபாண்டித் தெருவில் வேனிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அவர் நினைவில் வந்திருக்க வேண்டும். பிறகு பாதி வழியில் நின்ற வாயைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, நன்றாக மென்று விழுங்கினார்.

"ஊறுகா இருக்குதா, கண்ணு?"

சிவசுப்பிரமணியம் மூச்சை விட்டார். அது பக்கத்து மேசைக்கே கேட்டது. "எனக்கும் ஒரு பிடி போடு சாமி" என்றார் மகளிடம். "சம்பந்தி தனியாச் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

யாழினி அடுப்படிக்குப் போனபோது இசக்கிமுத்து சோற்றுச் சட்டியையும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நின்னேன், தாயி. எடுத்துட்டுப் போ. நாங்க இன்னைக்கு நூடுல்ஸைத் தின்னு செத்துட மாட்டோம்."

சோறு இரண்டு அப்பாக்களுக்கும் அத்தைக்கும் தரகருக்குமே சரியாகப் போயிற்று. மாப்பிள்ளைக்கு மிஞ்சவில்லை. கந்தவேல் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். முதன்முதலாகச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து அவன் தட்டில் வைத்தாள். ஒரு வாய்கூட இருக்காது. அவன் கையால் எடுத்துச் சாப்பிட்டான்.