மேற்கே சாய்ந்த ஏடு

இது நடந்தது எண்பத்தைந்தா எண்பத்தாறா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வேறு ஒன்றிரண்டு விவரங்களும் பிசகியிருக்கலாம். அரியரட்ணத்தின் ரத்தம் மேற்குப் பக்கம் சாய்ந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில், பார்சிப்பனியில் அவரை அறிந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அவர் கட்டடப் பொறியியலாளர், கொழும்பிலிருந்து வந்தவர், ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். அவரிடம் எடுத்த ரத்தத்தை ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்தால், காய்ச்சிய பாலைப்போல மேலே வெள்ளையாக ஏடு கட்டிவிடும். திருட்டுத்தனமாக நெய் தின்கிறவனுக்குத்தான் இப்படி ஆகும் என்று எல்லோரும் நம்பினார்கள். மனைவி பத்மராணி நெய்ப் போத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். தமிழ்ச் சங்க விருந்தில் அவர் கை கழுவப் போனபோது சங்கத்து நண்பர் வாஞ்சிநாதன் பின்னாலேயே போய்ச் சட்டைப்பையைத் தடவி, "லட்டு கிட்டு இருக்கா சார்?" என்று கேட்டார். அரியரட்ணம் பையை வெளியே இழுத்துக் காட்டினார். கள்ளன் என்ற பெயரோடு போய்ச் சேர வேண்டியிருக்குமே என்பதுதான் நோயைவிட அவரை அரித்தது.

சர்க்கரை நோயாளிகளின் ரத்தக் கொழுப்பில் பரம்பரைக்கு என்ன பங்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் ஷ்யாமளா, மெட்ராஸ்காரி, அவரை உட்காரவைத்துக் கேட்டாள்.

"அங்கிள், என்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. நேத்து டின்னருக்கு என்ன?"

"அவிச்ச பாவற்காய், பிள்ளை. அதுவும் உப்பில்லாமல்."

அவள் நம்பினாள். பட்டினி கிடந்தாலும் கொழுப்பு ஏறும் குடும்பங்கள் உண்டு என்றாள். "உங்க கூடப்பிறந்தவங்க யாரோட பிளட்டாவது வேணும். அதுவும் இப்படியே இருந்தா ப்ரூவ் பண்ணிடலாம்." அவருக்கு இருந்தது ஒரே தங்கை, இந்திராதேவி. எண்பத்து மூன்று ஜூலை, கொழும்புக் கலவரத்தில் அவள் வீடு எரிந்த பிறகு அவளைப் பற்றிச் செய்தி இல்லை. போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன.

அந்த வாரம்தான் ஏடு சாய ஆரம்பித்தது. குழாயை நேராக நிறுத்தினாலும் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்து நின்றது. திருப்பி வைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி மேற்கே வந்துவிடும். ஷ்யாமளா குளிர்பெட்டியின் காலுக்குக் கீழே அட்டை மடித்து வைத்துப் பார்த்தாள். மற்றக் குழாய்களில் ரத்தம் கோணியது, இது மட்டும் மேற்கையே பார்த்தது. மேற்கே இழுப்பது எதுவோ அது கிழக்கே சாய வேண்டும் என்று கணக்குப் போட்டு, அவள் நாற்பது ஆய்வகங்களுக்குக் கடிதம் எழுதினாள்: உங்களிடம் கிழக்கே சாயும் ரத்தம் ஏதும் இருக்கிறதா? முப்பத்தொன்பது பேர் மரியாதையாக இல்லை என்றார்கள். மேற்குக் கரையில், சான் ஹோசேயிலிருந்து ஒருவர், ஒன்று இருக்கிறது, நாங்களும் அட்டை வைத்துப் பார்த்தோம், நோயாளி உங்களவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்கிறார் என்று எழுதினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி மணி அடித்தது. "அண்ணா" என்றது குரல். அரியரட்ணம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் பதினொரு தடவை நகர்ந்ததைப் பத்மராணி பார்த்தாள்.

"அண்ணா, உங்களையும் நெய் களவெடுக்கிறீங்கள் எண்டு சொல்லினமோ?"

"ஓமடி. உன்னையுமோ?"

"இவர் ஃபிரிட்ஜுக்கே பூட்டுப் போட்டிட்டார்."

அடுத்த மாதம் அவள் வந்தாள். ஒரே காலையில் இருவரிடமும் ரத்தம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் இரண்டும் மேலே பாலாக வெளுத்திருந்தன. இரண்டும் கிணற்றுத் தண்ணீர்போல மட்டமாக நின்றன. பத்மராணி வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். வைத்த நெய் வைத்த அளவில் இருந்தது, காறிப்போய்.

"ரெண்டு வருசமா உங்களைக் கள்ளன் எண்டு நினைச்சுப்போட்டன்."

"பறவாயில்லை. இனிப் பாவற்காய்க்கு உப்பையாவது போடும்."

ஷ்யாமளாவின் கட்டுரை பிரசுரமானது. திசை பற்றிய பத்தியை மட்டும் இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள். வாஞ்சிநாதனுக்கும் சர்க்கரை வந்தது. அவர் ரத்தம் தெளிவாக, எந்தப் பக்கமும் சாயாமல் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். இந்திராதேவி வீட்டு ஃபிரிட்ஜின் பூட்டு போனது. அவள் ஒவ்வொரு ஜூலையும் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறாள். அண்ணனும் தங்கையும் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். அரியரட்ணத்திடம் ரத்தம் எடுக்கும் நர்ஸ்கள் குழாயில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் போட்டுவிடுகிறார்கள். ஜூலையில் போடுவதில்லை.