புள்ளைங்க கைல கட்டுன ரிப் துணி

காலைல உப்புமா அண்டாவத் தொறக்கறப்பவே விஜயராணி ஸ்கூலுக்கு வந்து நின்னுருவா. பனியன் கம்பெனிக்குப் போற அவசரம். தோள்ல சோத்துப் பை, கைல ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ள பூராம் செவப்பு ரிப் துணி. பனியன் கழுத்துல வெச்சுத் தைப்பாங்கல்ல, இழுத்தா நீளுமே, அந்தத் துணி. வெரல் அகலத்துக்கு நறுக்கி வெச்சிருப்பா.

"ஏய், லைன்ல நில்லுங்க! கைய நீட்டு!"

வடக்க இருந்து வந்த புள்ளைங்க ஒண்ணொண்ணா வந்து கைய நீட்டும். இவ சரக்குன்னு ஒரு சுத்து, ஒரு முடிச்சு. அவ முடிச்சு போடற வேகத்தப் பாத்தா, கட்டறது புள்ள கையா பனியன் பண்டலான்னே தெரியாது.

செவப்பு கட்டுன கை கடைசியாத்தான் சாப்டணும். உள்ள இருக்கற கேன் தண்ணியத் தொடக் கூடாது, வெளிக் கொழாய்லதான் குடிக்கணும். கிளாஸுக்குள்ள வராம வராண்டால உக்காரணும். இத யாரும் போர்டுல எழுதிப் போடல. ஆனா ஒண்ணாங்கிளாஸ் குட்டிக்குக் கூட மனப்பாடம். கருமம், வாய்ப்பாடு தெரியாது, இது தெரியும்.

இதுல கேவலம் என்னன்னா, அந்தப் புள்ளைங்க இல்லைன்னா இந்த ஸ்கூலே இல்ல. இந்தப் பனியன் ஊருல, வீரபாண்டிப் பக்கம் உள்ளூர்க்காரங்க புள்ளைங்க எல்லாம் மஞ்ச வேன் ஏறி மெட்ரிக் ஸ்கூலுக்குப் போயிருச்சு. மிச்சம் இருந்தது விஜயராணி மாதிரி தெக்க உசிலம்பட்டிப் பக்கம் இருந்து பொழைக்க வந்தவங்க புள்ளைங்க கொஞ்சம். ஸ்கூல எங்க மூடிருவாங்களோன்னு பயந்து, ஹெட்மிஸ் சித்ரகலா டீச்சர் வெயில்ல லைன் வீடு லைன் வீடா ஏறி எறங்குனாங்க. பீகார்க்காரங்க, ஒடிசாக்காரங்ககிட்ட கால்ல விழாத கொறையா கெஞ்சிக் கூட்டியாந்தாங்க. ஸ்கூல் பொழைச்சுது. டீச்சருங்க போஸ்ட்டும் பொழைச்சுது. பொழைக்க வெச்ச புள்ளைங்களுக்கு வராண்டா.

நெசமான பிரச்சனை என்ன? புள்ளைங்க கூடிப்போச்சு, டீச்சர் கூடல. ரெண்டு கிளாஸுக்கு ஒரு டீச்சர். அவங்க தமிழ்ல ஒருக்கா சொல்லி, கையக் கால ஆட்டி இன்னொருக்கா சொல்லி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுரும். அப்ப இன்னொரு டீச்சர் வேணும்னுதான கேக்கணும்? அத ஒருத்தரும் கேக்கல. ஸ்கூல் கமிட்டி கூடி, வந்த புள்ளைங்களப் பிரிச்சு வெக்கறது எப்படின்னு யோசிச்சுது.

யோசன சொன்னது கமிட்டித் தலைவி விஜயராணியேதான். அவளுக்குப் பனியன் கம்பெனில செக்கிங் வேல. அங்க ஒரே செவப்புத் துணியா இருந்தாலும், வேற வேற லாட்டா சாயம் போட்டா நெறம் துளி மாறும். கலந்து தச்சா உடம்பு ஒரு செவப்பு, கை ஒரு செவப்புன்னு ஆயிரும். அதனால லாட் லாட்டாப் பிரிச்சு, லாட்டுக்கொரு கலர் துண்டு கட்டி வெப்பாங்க.

"அதே மாதிரி இங்கயும் கட்டிட்டா கொழப்பமே இல்லைல்ல"ன்னு சொன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க. மொதக் கை செந்தில்வேலோடது.

செந்தில்வேல் உள்ளூர் ஆளு, சொந்தமா தையல் யூனிட் வெச்சிருக்கறவரு. ஸ்கூலுக்கு நாலு ஃபேன் வாங்கிக் குடுத்துட்டுக் கமிட்டில உக்காந்துக்கிட்டாரு. அவரு புள்ளைங்க ரெண்டும் மஞ்ச வேன்லதான் போகுது. ஒவ்வொரு ஃபேன் றெக்க மூணுலயும் அவரு பேரு.

விஜயராணிக்கு இதெல்லாம் எதுக்கு? ஒரே காரணம், அவ பொண்ணு ஜோதிகா. அஞ்சாங்கிளாஸ். ஒரு கம்பெனி இந்த ஸ்கூலுக்கு ஒரே ஒரு ரூம்ல கம்ப்யூட்டரு, பெரிய டிவி எல்லாம் போட்டுக் குடுக்குது. தனியா ஒரு டீச்சரும் அந்த ரூமுக்கு. எல்லாப் புள்ளைங்களும் உக்கார முடியாது. செவப்பு கட்டுனதுங்க கழிஞ்சா, அந்த ரூம்ல ஜோதிகா உக்காந்துறலாம். தன்ன மாதிரி நாள் பூரா நின்னு பனியன் பீஸ் திருப்பிப் பாத்துக் கால் வீங்கிச் சாகக் கூடாது. அதுக்கு யாரு வராண்டால கெடந்தா அவளுக்கென்ன?

அன்னைக்குக் காலைல ரோஷ்னின்னு ஒரு பீகார்ப் புள்ள, வெளிக் கொழாய்ல கை கழுவிட்டு வந்து உப்புமால கை வெச்சுது. நனைஞ்ச ரிப் துணில இருந்து சாயம் எறங்கி, வெரல் வழியா தட்டுக்குள்ள ஓடுச்சு. வெள்ள ரவை அப்படியே ரத்தம் பட்டாப்புல. அந்தப் புள்ள செவப்பானத ஓரமா ஒதுக்குச்சு. மிச்சத்தத் திங்க ஆரம்பிச்சுது.

விஜயராணி பாத்துக்கிட்டுத்தான் நின்னா. அது எந்தத் துணின்னும் அவளுக்குத் தெரியும். சாயம் நிக்கல, எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாதுன்னு அவளே ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குன லாட். வெள்ளைக்காரன் கழுத்துக்கு ஆகாத துணி, பீகார்க்காரி புள்ள கைக்கு ஆகும். அப்பக் கூட அவ மனசுல ஓடுனது என்ன தெரியுமா? 'ஒருக்கா அலசிட்டுக் கட்டிருக்கலாம்.' சீ.

சாய்ங்காலம் ஊட்டுக்கு வந்தா ஜோதிகா உள்ளங்கையும் செவப்பு.

"என்னடி இது?"

"ரோஷ்னி தட்டு அசிங்கமாயிருச்சும்மா. என் தட்டுல ரெண்டு பேரும் சாப்ட்டோம்."

பளார்னு ஒண்ணு விட்டா விஜயராணி. "அவ கூட உனக்கென்னடி ஒரே தட்டு? உனக்காண்டி நான் ஊரு பகையச் சம்பாதிக்கிறேன், நீ அங்கிட்டுப் போயி ஒட்டிக்கிறியா?"

ஜோதிகா அழல. கன்னத்தத் தடவிக்கிட்டே கேட்டா, "எனக்கு எப்பம்மா கட்டுவ?"

"ஒனக்கு எதுக்குடி கட்டணும்? நீ தமிழ்ப் புள்ளடி!"

கட்டல்ல படுத்திருந்த அவ புருசன் மொக்கைச்சாமி மொகத்தத் திருப்பாமயே சொன்னான், "நாம வந்த புதுசுல வாடகைக்கு விட்ட ஊட்டுக்காரம்மா நம்ம கொடத்த மட்டும் தனியா வைக்கச் சொல்லுச்சே, அதுவும் தமிழுதேன் பேசுச்சு."

"நீ வாய மூடு." அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த கமிட்டில கம்ப்யூட்டர் ரூம்ல யாரு உக்கார்றதுன்னு முடிவு பண்றாங்க. ஸ்கூல் கேட் பக்கத்துல அம்மாக்காரிங்க கூட்டம். ரூமுக்குள்ள பிஸ்கட்டு, டீ. செந்தில்வேல் தொண்டையக் கனைச்சாரு. தேன்ல தொட்ட மாதிரிப் பேச்சு.

"ஏனுங்க தலைவரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. செவப்பு போக மிச்சப் புள்ளைகளுமே அந்த ரூம்ல அடங்காதுங்க. நம்மூருப் புள்ளைக நாலஞ்சு இருக்குதுங்க. இன்னுங் கொஞ்சப் பேரு மெட்ரிக்ல ஃபீஸ் கட்ட முடியாம திரும்பி வர்றாங்க. அவீங்க மொதல்ல உக்காரட்டுமுங்க."

"அப்ப எங்க புள்ளைக?"

"உங்க தெக்கத்திப் புள்ளைக ரெம்ப நல்ல புள்ளைகதானுங்க. யாரு இல்லீன்னா? எடம் இருந்தா பாத்துக்கலாமுங்க. அதுவரைக்கும் கொழப்பம் வராம இருக்க ஒரு கலரு..." சிரிச்சுக்கிட்டே ஒரு பிஸ்கட்ட டீல முக்குனாரு. "உங்க கம்பெனில மஞ்ச ரிப் கெடைக்குமுங்களா?"

விஜயராணிக்கு வெளங்கிருச்சு. கட்டறது யாருக்கு? ஜோதிகாவுக்கு. துணி கொண்டாரது யாரு? இவளே. முடிச்சு போடறதும் இவளே. சித்ரகலா டீச்சரப் பாத்தா. டீச்சர் டீ டம்ளருக்குள்ள என்னமோ தேடிக்கிட்டு இருந்தாங்க.

"புள்ளைக்குக் கலர் கட்டிப் பிரிப்பீங்களோ? வெக்கமா இல்ல உங்களுக்கு?" விஜயராணி கத்துனா.

செந்தில்வேல் அசரல. "ஏனுங்க, செவப்பு கட்டறப்ப இந்த வெக்கம் எங்கீங்க போச்சு? யோசன உங்களுதுதானுங்களே?"

விஜயராணிக்கு அந்தாளு மூஞ்சில துப்பணும்னு தோணுச்சு. துப்புனா அது தன் மூஞ்சிலயும் விழும்னு தெரிஞ்சு முழுங்கிட்டா.

சேரத் தள்ளிட்டு வெளிய வந்தா. பையில நூல் வெட்டற குட்டிக் கத்திரி எப்பவும் கெடக்கும், பீஸ்ல தொங்கற நூலக் கத்தரிக்கறதுக்கு. வராண்டால உக்காந்திருந்த புள்ளைங்க முன்னாடி மண்டி போட்டா. "கைய நீட்டு"ன்னா. புள்ளைங்க பழக்க தோசத்துல லைன் கட்டி நின்னு கைய நீட்டுச்சுங்க. அதப் பாத்து அவளுக்கு அழுகையே வந்துருச்சு. ஒவ்வொரு முடிச்சா நறுக்கிப் போட்டா. ரோஷ்னி கைல துணி போச்சு, சாயம் போகல. மணிக்கட்டச் சுத்தி செவப்பா ஒரு கோடு.

கேட் பக்கத்துல இருந்து ரோஷ்னியோட அம்மா பபிதா வந்தா. அவளும் பனியன் கம்பெனி ஹெல்பர்தான். பொண்ணு கையத் தூக்கிப் பாத்தா, கீழ கெடக்கற துணியப் பாத்தா. ஒடஞ்ச தமிழ்ல கேட்டா, "அக்கா, நாளைக்கு என்ன கலர் வரும்?"

செவுட்டுல அறைஞ்சாக் கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

"எந்தக் கலரும் வராது பபிதா. எம் புத்தி கெட்டுப்போச்சு." ரோஷ்னி கையத் தொடப் போனா. பபிதா பொண்ணத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அதுவும் சரிதான்னு விஜயராணி கைய மடக்கிக்கிட்டா.

பின்னாடியே வந்த சித்ரகலா டீச்சருக்கு அப்பத்தான் வாய் தொறந்துச்சு. "இந்தப் புள்ளைகள நாந்தான் கெஞ்சிக் கூட்டியாந்தனுங்க. இவீங்கள வெச்சுத்தான் எனக்கு வேலையே நெலச்சுது. வராண்டால உக்கார வெச்சதுக்கு எனக்குத்தான் மொதல்ல வெக்கம் வந்திருக்கோணும்."

"அப்ப நாளைல இருந்து அம்புட்டுப் புள்ளையும் மாத்தி மாத்தி அந்த ரூமுக்குப் போகட்டும் டீச்சர். இல்லைன்னா அது பூட்டியே கெடக்கட்டும். இன்னொரு டீச்சர் கேட்டு எல்லாரும் சேந்து மனு குடுப்போம்"ன்னா விஜயராணி.

"எல்லாருமுன்னா?" செந்தில்வேல் வாசப்படில நின்னு இளிச்சாரு. "தமிழே தெரியாத இவீங்களுமா?"

ஜோதிகா ஓடிவந்து ரோஷ்னி பக்கத்துல வராண்டால சம்மணம் போட்டு உக்காந்தா. விஜயராணி அவள எழுப்பல. அங்க கூடியிருந்த அத்தன அம்மாக்காரிங்களுக்கும் கேக்கற மாதிரிச் சொன்னா:

"கம்பெனில லாட் பிரிக்கறது துணிக்கு. புள்ளைங்க துணி இல்ல. பொழைக்க வந்தவன் புள்ள, மொழி தெரியாதவன் புள்ளன்னு நாம ஒரு புள்ள கைல கலர் கட்டுனா, அடுத்த கலர் நம்ம புள்ளைக்குத்தேன் ரெடியாகும். புள்ளைங்க கூடிருச்சுன்னா டீச்சரையும் கூட்டச் சொல்லிக் கேக்கணும், புள்ளையக் கழிக்கக் கூடாது. நான் அதச் செஞ்சேன். எம் பொண்ணு பேரு வர்றவரைக்கும் எனக்கு அது தப்பாவே தெரியல. நீங்களாச்சும் உங்க புள்ள பேரு வர்றவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க."