தங்கச்சி பங்கு

வாப்பாவின் முகத்தை மூடப் போன மாமாவின் கையைத் தௌஃபீக் எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அஞ்சே நிமிஷம், மாமா. ஃபர்ஸானா போன்லயாவது ஒரு தடவ பாத்துக்கிடட்டும்."

"அஸர் தொழுகைக்கு இன்னும் அரை மணிதான்டே இருக்கு. கபுரு வெட்டி ரெடியா கெடக்கு. மய்யித்த வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன! விடிகாலையில் ஆஸ்பத்திரியில் போன உயிர். மதியத் தொழுகைக்கே எடுத்திருக்க வேண்டியதை இவன்தான் கெஞ்சிக் கூத்தாடி சாயங்காலத்துக்குத் தள்ளியிருந்தான். தாராவியின் அந்தச் சந்து முழுக்க ஆட்கள் நின்றார்கள். மாடியில் பை தைக்கிற மெஷின்கள் ஓசையில்லாமல் கிடந்தன. வாப்பா கரீம் பாட்சா இருந்தவரை வெள்ளிக்கிழமை மதியம் தவிர அவை ஓய்ந்ததே கிடையாது.

தங்கை ஃபர்ஸானா தான்சானியாவில், ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவள். இன்று அங்கே அவளுக்கு வழியனுப்பு. ராத்திரி விமானம், நாளை மத்தியானம் மும்பை. நாலு நாளைக்கு முன்னால் வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே, "கெளம்பி வந்துரட்டுமாண்ணே?" என்று கேட்டாள். "வெறும் காய்ச்சல்தான். பிள்ளையள்ட்ட ஒழுங்கா சொல்லிட்டு வா" என்றவன் இவன்தான். இன்று காலையிலாவது சொன்னானா? வழியனுப்பு முடியட்டும், முடியட்டும் என்று அவள் நம்பரைத் தொட்டுத் தொட்டு விட்டான். வீட்டில் கேட்டவர்களிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தான்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளே கூப்பிட்டாள். மாடிக்கு ஓடிப்போய் எடுத்தான்.

"அண்ணே! பிள்ளைங்க ஒரே அழுக. இங்க டீச்சர் போறப்ப ஒரு மரக்கன்னு நடணுமாம். நான் நட்டேன், ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு கை மண்ணள்ளிப் போட்டுச்சு. வாப்பா தச்சுக் குடுத்த பேக்க எல்லாம் மாட்டிக்கிட்டு வந்துருந்துதுங்க. நாப்பத்திரெண்டும்! வாப்பாட்ட குடேன்."

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவான்?

"வாப்பா தூங்குறாங்க."

"சரி, எழுப்பாத. வீடியோ அனுப்பிருக்கேன், முழிச்சதும் காட்டு. பஸ் வந்துட்டு. இனி டவுன் வரைக்கும் நெட்வொர்க் கெடைக்காது. நாளைக்கு நேர்லயே பாத்துக்கிடுதேன்."

கீழே இறங்கி வந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பாவிக்கு உறைத்தது. நாளைக்கு அவள் எதைப் பார்ப்பாள்? அப்போது பிடித்துக் கூப்பிடுகிறான். பதினேழு தடவை ஆயிற்று. ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண்குரல் எதையோ சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது.

"இன்னொரு வாட்டி போடுல" என்றாள் தலைமாட்டில் இருந்த உம்மா ஹபீபா.

"போக மாட்டேங்கு, உம்மா."

"என் புள்ள அவ வாப்பா மொகத்தப் பாக்காண்டாமா? போடுல!"

போட்டான். அதே குரல். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ கூப்பிட்டா, உம்மா. அப்பமே கூப்பிட்டா. நான்தான்... தூங்குறாங்கன்னு சொல்லிட்டேன்."

அறைந்திருந்தால் தேவலை. உம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மூடிருங்கண்ணே."

ஒரு படமாவது எடுப்போம் என்று தௌஃபீக் போனைத் தூக்கினான். படத்தில் வெள்ளைத் துணிதான் விழுந்தது. அதற்குள் மாமா முகத்தை மூடியிருந்தார்.

தொழுகை முடிந்து கபுருஸ்தானில் இறக்கினார்கள். மேலே பலகை அடுக்கியாயிற்று. ஆளுக்கு மூன்று பிடி மண், மகன் முதலில். தௌஃபீக் குனிந்து ஒன்று போட்டான், இரண்டு போட்டான், மூன்றும் போட்டான். போட்டவன் நகரவில்லை. சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. அவளுடைய பஸ் டவுனுக்குள் வந்திருக்கும்.

எடுக்கவில்லை. குனிந்து நாலாவது பிடியை அள்ளினான்.

"மூணு போதும், மருமவனே." மாமா தோளைத் தொட்டார். "பின்னால ஆளுங்க நிக்காங்க."

அவன் காதில் அது விழவில்லை. நாலாவதைப் போட்டான். ஐந்தாவதையும் போட்டான். ஆறாவதை அள்ளியவன் போட மனமில்லாமல் கைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டு நின்றான். போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.